கயிறு அவிழவில்லை, ஆனால் பைப் வெளியே வந்துவிட்டது: ஆம்னி மேல் பைப் கட்டுவது எப்படி?

பாலக்கோடு பிளம்பர்

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாக பிளம்பிங் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு வரை டூவீலர்தான். பைப்பைக் கடையிலிருந்து அனுப்பிவிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரரே வாங்கிப் போட்டிருப்பார். அப்புறம் ஒரு பழைய ஆம்னி வேன் எடுத்தேன். டூல்ஸ், ஃபிட்டிங்ஸ் மூட்டை எல்லாம் உள்ளே, பைப் மேலே கேரியரில்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். தர்மபுரியில் ஒரு இஞ்ச் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஐந்து லென்த், அதாவது 20 அடி முழு நீளத்தில் ஐந்து வாங்கி, கடையிலேயே பாதிப் பாதியாக வெட்டி முனையில் த்ரெட் (திருகு மரை) போட்டுக்கொண்டேன். பத்து துண்டு. மேலே அடுக்கி, முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு, நைலான் கயிற்றில் காலை உதைத்து இழுத்துத்தான் கட்டினேன். பாலக்கோடு ரோட்டில் வந்துகொண்டிருக்கும்போது ஆட்டு மந்தை ஒன்று புளியமரத்துக்குப் பின்னாலிருந்து அப்படியே ரோட்டில் இறங்கிவிட்டது. பிரேக்கை மிதித்தேன். தலைக்கு மேலே சரக்கென்று ஒரு சத்தம். பார்த்தால் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பைப், யானைத் தந்தம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

இறங்கிப் பார்த்தேன். இதுதான் எனக்குப் புரியவில்லை. கயிறு அவிழவே இல்லை. முடிச்சு போட்டது போட்டபடி இருக்கிறது. எட்டு பைப் இருந்த இடத்தில் இருக்கின்றன. கட்டுக்கு நடுவில் இருந்த இரண்டு மட்டும் மூன்றடி வழுக்கி வந்திருக்கின்றன. முன்னால் ஒரு பைக் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பு வருகிறது.

நீங்கள் எப்படிக் கட்டுகிறீர்கள்? 20 அடி பைப்பை என்ன செய்கிறீர்கள்?

சும்மா எட்டிப் பார்த்தவன்

ஆடு தப்பித்ததா?

பாலக்கோடு பிளம்பர்

தப்பித்தது. ஆட்டுக்காரர்தான் என்னை விடவில்லை. கால் மணி நேரம் திட்டினார்.

பழைய லாரிக்காரன்

தம்பி, நான் கிருஷ்ணகிரி. முப்பது வருடம் லாரி ஓட்டி, இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உன் கயிறு அவிழாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கயிறு செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. நீ அதனிடம் கேட்டதுதான் தப்பு.

மேலே குறுக்கே போடுகிற கயிறு என்ன செய்யும்? கீழே அமுக்கும். மேல் வரிசையையும் இரண்டு ஓரத்தையும்தான் அமுக்கும். நடுவில் இருக்கும் பைப்பை எந்தக் கயிறும் தொடுவதில்லை. நாலு பக்கமும் பைப், எல்லாம் உருண்டை, எல்லாம் வழுவழு. அதுவும் புது ஜிஐ என்றால் கேட்கவே வேண்டாம். கரும்புக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக் கரும்பை உருவிப் பார், வந்துவிடும். அதேதான்.

இன்னொன்று. பைப்பை அடுக்கும்போது இருக்கிற அடுக்கு, இரண்டு வேகத்தடை தாண்டினதும் இருக்காது. குலுங்கிக் குலுங்கி உட்காரும். கட்டு ஒரு விரல் சுருங்கினாலும் கயிறு தளர்ந்துபோகும். அதனால் கிளம்பி ரெண்டு கிலோமீட்டரில் வண்டியை ஓரம் கட்டி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். லாரியில் டீ குடிக்க நிறுத்துகிற சாக்கில் நாங்கள் முதலில் பார்ப்பது கயிற்றைத்தான்.

பைப்பை வண்டியோடு கட்டுவதற்கு முன்னால் பைப்பைப் பைப்போடு கட்டு. மூன்று மூன்றாக எடு. மூன்று பைப் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும், நடு என்ற பேச்சே இல்லை. இரண்டு முனையிலிருந்தும் ஒரு முழம் தள்ளி, டூவீலர் டியூபைப் பட்டையாக வெட்டி, இழுத்து நாலு சுற்று சுற்று. அப்புறம் அந்தக் கட்டுகளை கேரியரில் வை. குறுக்கே போடும் கயிற்றையும் சும்மா மேலே ஓட்டாதே. கட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, சுருக்கு மாதிரி, அதற்கு மேல்தான் கேரியர் கம்பியில் இழுக்க வேண்டும். வண்டி பிரேக் போட்டால் அந்தச் சுருக்கு இறுகும்.

ஐடிஐ வாத்தியார்

அண்ணன் சொன்னதற்குக் கொஞ்சம் கணக்கு சேர்க்கிறேன். பசங்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவதுதான்.

ஒரு இஞ்ச் மீடியம் கிளாஸ் (நடுத்தர கனம்) ஜிஐ பைப் மீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ. 6 மீட்டர் லென்த் 15 கிலோ. ஐந்து லென்த் 75 கிலோ. ஓரளவு வேகமான பிரேக் என்றால், சரக்கின் எடையில் பாதி அளவு விசை அதை முன்னால் தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 37 கிலோ சொச்சம். ஆடு குறுக்கே வந்து மிதிக்கும் பிரேக் இதைவிட அதிகம்.

எதிர்த்து நிற்பது உராய்வு மட்டும்தான். வழுவழுப்பான இரும்புக்கு இரும்பு உராய்வு எண் 0.2, அதாவது அமுக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று எடுத்தால், 75 கிலோ எடை தன் பலத்தில் 15 கிலோ அளவுக்குத்தான் பிடிக்கும். மீதி 22 கிலோ சொச்சத்தைக் கயிறு தர வேண்டும். ஆனால் கயிறு நேராகத் தராது. கீழே அமுக்கி, அந்த அமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் உராய்வாகத் தரும். ஆக, 110 கிலோவுக்கு மேல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு கட்டு, கட்டுக்கு இரண்டு பக்கம், நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 28 கிலோ இழுவை. கையால் இழுத்து அது வரும். இழுத்தபடியே நிற்குமா? நைலான் நீளும். நனைந்தால் இன்னும் நீளும். எண்ணெய் பட்டிருந்தால் அந்த 0.2 என்பதே கிடையாது.

இதே 37 கிலோவை முன்னால் ஒரு தகடு தடுத்து நின்றால் கயிற்றுக்கு வேலையே இல்லை. கயிறு மேலே குதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆம்னிக்கு 75 கிலோ கூரை மேல் அதிகம் என்பது என் எண்ணம். குறுகலான, உயரமான வண்டி. வளைவில் சாய்வது உங்களுக்கே தெரிந்திருக்கும். கேரியர் நிற்பது கூரை ஓரத்து மழைநீர்க் காடியில் மாட்டிய கிளாம்பில். அந்தக் காடி துருப்பிடித்திருந்தால் பைப்போடு கேரியரும் சேர்ந்து வரும். வண்டியின் கையேட்டில் கூரை எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓசூர் வெல்டர்

தகடு வேலை நான் நிறையச் செய்துகொடுத்திருக்கிறேன். ஒன்றரை இஞ்ச் எல் ஆங்கிள், கேரியர் முன் கம்பி அகலத்துக்கு, அரை அடி உயரம். உள்பக்கம் பிளைவுட் துண்டு ஒன்று போல்ட் போட்டு வைத்துவிடுங்கள். பைப் த்ரெட் இரும்பில் இடித்தால் நசுங்கிவிடும், பலகையில் இடித்தால் பலகைதான் குழியும். குழிந்த பலகையை மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் கேரியர் ஆறடியாக இருக்கும். பத்தடி பைப்பை வைத்தால் முன்னும் பின்னும் தொங்கும். அதனால் தகட்டை கேரியர் முனையில் வைக்காதீர்கள், கண்ணாடிக்கு மேலே கூரை முடியும் இடம் வரை ஒரு நீட்டல் கொடுத்து அங்கே வையுங்கள். ஆம்னிக்கு மூக்கு கிடையாது, அது ஒரு வசதி. வண்டி நீளமே 3.37 மீட்டர், பைப் 3 மீட்டர். முன்னால் தகட்டில் முட்டவைத்தால் பின்னால் வண்டியைத் தாண்டாது.

போர்வெல் அரூர்

நாங்கள் மோட்டார் இறக்கி ஏற்றும் வேலை. நம் பக்கம் ஆயிரம் அடி போர் சாதாரணம். யூபிவிசி காலம் பைப் (போருக்குள் மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) பத்தடிக்கு ஒன்று, ஆயிரம் அடிக்கு நூறு பைப். எல்லாம் பிக்கப்பில்தான். தொட்டி ஒன்பதடி, பைப் பத்தடி! பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் ஒரு அடி வெளியே. நாங்கள் கேபினுக்குப் பின்னால் உயரமாக ஒரு சட்டம் அடித்து, முன் முனையை அதில் சாய்த்து, பின் முனை கதவுக்குள் நிற்கிற மாதிரி வைக்கிறோம். கதவே தடுப்பு.

எந்தப் பக்கம் வழுக்கும் என்பது ரோட்டைப் பொறுத்தது. சேலத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு தொப்பூர் ஏறும்போது எல்லாம் பின்னால் வரும். அதே வழியில் சேலம் போகும்போது இறக்கம், எல்லாம் முன்னால் போகும். முன்னால் மட்டும் தகடு வைத்தவர் பின்னாலும் ஒன்று யோசியுங்கள்.

ராட்செட் பெல்ட் (பல்சக்கரத்தால் இறுக்கும் பட்டை) பற்றி யாரும் சொல்லவில்லை. ஜிஐக்கு அருமை. பிவிசிக்குப் பார்த்து. சித்திரை வெயிலில் ரெண்டு மணிக்கு கேரியரில் கிடந்த பிவிசி பைப்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பைப் இளகி இருக்கும். ராட்செட்டை டக் டக்கென்று நாலு பல் அதிகம் இழுத்துவிட்டால் பெல்ட் போன இடத்தில் பைப் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அந்த இடத்தில் அப்புறம் கப்ளர் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) உட்காராது. நான் ஒரு தடவை நாலு லென்த் இப்படிக் கெடுத்திருக்கிறேன்.

சும்மா எட்டிப் பார்த்தவன்

இவ்வளவு எதற்கு? பின்னால் ஒரு சிவப்புத் துணி கட்டினால் போச்சு. ஊரில் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்.

ஹார்டுவேர் அக்கா

எல்லோரும் போகிறார்கள், உண்மைதான். எங்கள் கடை வாசலிலேயே தினம் பார்க்கிறேன். காவேரிப்பட்டணத்தில் கடை. 20 அடி பைப்பை ஸ்ப்ளெண்டரில் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு போனவரும் உண்டு. பின்னால் உட்கார்ந்தவர் தோளில் வைத்துக்கொண்டு போனவரும் உண்டு. ராத்திரி ஏழு மணிக்கு மேல் அந்தச் சிவப்புத் துணி யார் கண்ணுக்குத் தெரியும்? பைப் முனை வட்டமாக ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். பின்னால் பைக்கில் வருகிறவருக்கு லைட் வெளிச்சத்தில் பைப்பின் நீளம் தெரியாது, முனை ஒரு புள்ளி.

நாங்கள் 20 அடி லென்த் என்றால் கடை வண்டியில்தான் அனுப்புகிறோம், நீளத் தொட்டி லாரி. அதற்கு வாடகை கேட்டால் சண்டை. "பைப் விலையே குறைவு, வாடகை அதிகமா?" என்பார்கள். அப்போது நான் கேட்பது: வெட்டித் தரட்டுமா?

பழைய லாரிக்காரன்

சிவப்புத் துணி தம்பிக்கு ஒரு விஷயம். முன்பெல்லாம் பின்பக்கம் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டு போக விதியில் இடம் இருந்தது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள், 93ஆம் விதி. கம்பி ஏற்றிய லாரிகளில் பின்னால் வந்தவர்கள் மோதிச் செத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014இல் அந்த ஒரு மீட்டரையும் எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தச் சட்டத்தில் 194 (1ஏ) என்று புதிதாக ஒரு பிரிவு. சரக்கு பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அளவை மீறி நீட்டினால் 20,000 ரூபாய். அதோடு இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில். துணி சிவப்பா பச்சையா என்று அதில் எழுதவில்லை.

சும்மா எட்டிப் பார்த்தவன்

இருபதாயிரமா! சரி, வாபஸ்.

பாலக்கோடு பிளம்பர்

அக்கா, வெட்டுவதில் எனக்கு ஒரு குழப்பம். ஜிஐ பரவாயில்லை, கடையில் த்ரெட் மிஷின் இருக்கிறது. தோட்டத்துக்குப் போடும் பிவிசியைப் பாதியாக வெட்டினால் ஒரு துண்டில்தான் காலர் (அடுத்த பைப் நுழையும் விரிந்த வாய்) இருக்கும். இன்னொன்றுக்குக் கப்ளர் வேண்டும். ஜாயிண்ட் கூடினால் லீக் வரும் என்று தோட்டக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

ஹார்டுவேர் அக்கா

கப்ளர் ஜாயிண்ட் லீக் ஆவதில்லை தம்பி, அவசர ஜாயிண்ட்தான் லீக் ஆகிறது. வெட்டிய முனையைப் பிசிறு இல்லாமல் அரம் போட்டு, மண்ணைத் துடைத்து, ஒட்டும் சொல்யூஷன் இரண்டு பக்கமும் தடவி, உள்ளே தள்ளி கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் பிடித்திருந்தால் போதும். அன்றைக்கே மோட்டாரைப் போடக் கூடாது.

பைப் முனையை நெருப்பில் காட்டி இன்னொரு பைப்பைச் செருகி காலர் எடுக்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். விரிந்த இடத்தில் பைப் சுவர் மெலிந்துவிடும். கப்ளர் விற்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

போர்வெல் அரூர்

பெரிய தோட்ட வேலை என்றால் வெட்ட வேண்டாம், கடை லாரியிலேயே வரவழைத்துவிடு. ஐம்பது லென்த் வாங்குகிறவருக்கு வாடகை ஒரு விஷயமே இல்லை. நாலு லென்த்துக்குத்தான் இந்தப் பேச்சு.

ஓசூர் வெல்டர்

வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் சிபிவிசி (சுடுதண்ணீரும் தாங்கும் பிளாஸ்டிக்) மூன்று மீட்டர் பைப்தானே. அதற்குக் கட்டே வேண்டாம். 110 எம்எம் எஸ்டபிள்யூஆர் பைப் (கழிவுநீர்க் குழாய்) ஒன்றை கேரியரில் கிளாம்ப் போட்டு நிரந்தரமாக வைத்துவிடுங்கள். முன் முனைக்கு மூடி ஒட்டிவிடுங்கள், பின் முனைக்குத் திருகு மூடி. முக்கால் இஞ்ச் சிபிவிசி ஒரு டஜன் தாராளமாக உள்ளே போகும். வெயில் படாது, அம்மாபேட்டைப் பட்டு மாதிரி பத்திரமாக இருக்கும்.

ஐடிஐ வாத்தியார்

வெயில் படாமல் இருப்பது நல்லது. சிபிவிசி வெயிலில் கிடந்து பழசானால் நொறுங்கும் தன்மை வரும். கேரியரில் தட்டுப்பட்டு முனையில் முடி போல ஒரு விரிசல் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஒட்டி ஒரு மாதம் கழித்து சுவருக்குள் தெரியும். சந்தேகம் இருந்தால் முனையில் இரண்டு இஞ்ச் வெட்டி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பாலக்கோடு பிளம்பர்

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். முகூர்த்த மாதம், வீடு குடிபோகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வர வேண்டும்.

செய்ததைச் சொல்கிறேன். முதலில் கேரியரைக் கழற்றிப் பார்த்தேன். வாத்தியார் சொன்னது சரிதான், எட்டு கிளாம்பில் இரண்டு காடியில் பிடிக்கவே இல்லை, பெயிண்ட்தான் பிடித்துக்கொண்டிருந்தது. காடியைச் சுரண்டி, துரு எடுத்து, புது கிளாம்ப் போட்டேன். உள்ளூர் வெல்டரிடம் கண்ணாடிக்கு மேல் வரை நீட்டல் கொடுத்து ஆங்கிள் தடுப்பு, உள்ளே பலகை. பின்னால் தடுப்பு வைத்தால் பைப்பை ஏற்ற இறக்க முடியவில்லை. அதனால் அங்கே கொக்கி மட்டும். கட்டின் பின் முனைக்குச் சணல் சாக்கு மாட்டி, சாக்கின் வாயைக் கட்டோடு சேர்த்துக் கட்டி, அந்தக் கயிற்றை முன் தடுப்பு நோக்கி இழுத்துவிடுகிறேன். ஏற்றத்திலும் பின்னால் வர முடியாது. த்ரெட்டுக்கும் பாதுகாப்பு.

மூன்று மூன்றாகக் கட்டும் முறைதான் உண்மையில் வித்தியாசத்தைக் காட்டியது. பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டால் சும்மாவே கொடுக்கிறார்கள். வீட்டு வாசலில் மூன்று பைப் கட்டு ஒன்றை வைத்து அதில் ஒரு பைப்பை உருவிப் பார்த்தேன், என் பையனும் சேர்ந்து இழுத்தான், அசையவில்லை. ஜிஐ இப்போது ஒரு தடவைக்கு ஆறு துண்டுக்கு மேல் மேலே ஏற்றுவதில்லை. மீதிக்கு இரண்டாவது நடை.

சிபிவிசி குழாய்ப் பெட்டியில் ஒரு சிக்கல் வந்தது. பத்தடி எஸ்டபிள்யூஆர் பைப்புக்குள் பத்தடி சிபிவிசி போகும், ஆனால் மூடி போட இடம் இல்லை! வாங்கி வந்து செருகிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் சிரித்தார்கள். ஒரு ஜாண் துண்டைக் கப்ளர் போட்டு ஒட்டி நீட்டினேன். அடிப்பக்கம் இரண்டு சின்ன ஓட்டை, மழைத் தண்ணீர் இறங்க.

போர்வெல் அரூர்

அந்த ஓட்டைக்கு வலை ஒட்டு. எங்கள் வண்டியில் இதே மாதிரி வைத்திருந்த குழாயில் குளவி கூடு கட்டிவிட்டது. மூடியைத் திறந்தவன் நான்தான்.

பாலக்கோடு பிளம்பர்

ஐயோ. இன்றைக்கே ஒட்டிவிடுகிறேன் அண்ணா. கொசுவலைத் துணி போதுமா, இல்லை கம்பி வலையா?

போர்வெல் அரூர்

கம்பி வலை. துணியைக் கடித்துவிடும்.